பெங்களூரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ: தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்துக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் இடையே உள்ள நேர்தூரம் ஏறத்தாழ 13,990 கிலோமீட்டர். போனில் தட்டினால் நொடியில் வந்து நிற்கும் எண் இது. ஆனால் ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூருக்கு வந்து விமானம் ஏறுகிற பெற்றோர்கள் தூரத்தைக் கேட்பதில்லை. மகள் பிரசவத்துக்கோ மகன் வீட்டுப் புண்ணியாகவாசனத்துக்கோ கிளம்புகிறவர்களுக்கு ஒரே கேள்விதான்: "எத்தனை மணி நேரம் உட்காரணும்?"

அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது இன்னொரு கணக்கு. ஜனவரியில் ஒன்று, ஜூலையில் வேறொன்று. எந்த நாட்டின் வான்வெளி இந்த மாதம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். தூரத்தை 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்துப் பதினைந்தரை மணி என்று சொல்லிவிடும் இணையதளங்கள் ஏராளம். வயதானவர்களை அனுப்பி வைக்கும் வீட்டில் அந்த எண்ணை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பது என் கருத்து. அந்த மணிக்கணக்கு எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால், எந்த டிக்கெட் எடுப்பது, எங்கே இடையில் இறங்குவது, போய்ச் சேர்ந்த நாளில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

முதலில் டிக்கெட்டில் அச்சாகும் நேரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் குழப்பம் தொடங்குவதே அங்கேதான். பிற்பகல் 2.30-க்குப் பெங்களூரில் கிளம்பும் ஒரு நான்ஸ்டாப் விமானம் 16 மணி நேரம் பறப்பதாக வைத்துக்கொள்வோம். இறங்கும்போது நம்மூர்க் கடிகாரத்தில் மறுநாள் காலை 6.30. கலிபோர்னியா குளிர்காலத்தில் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆக, அங்கே அப்போதுதான் கிளம்பிய அதே நாள் மாலை 5 மணி. டிக்கெட்டில் 2.30, 5.00 என்று இரண்டு நேரங்களும் ஒரே தேதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஓசூரில் இருக்கும் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டரைக்கு ஏறினா அஞ்சு மணிக்கு எறங்கிடலாம்னு போட்டிருக்கே தம்பி, அப்ப ரெண்டரை மணி நேரந்தானா?" என்று கேட்டார். "இல்லீங்க அத்தை, அது அங்கத்து அஞ்சு மணி. நடுவுல ஒரு ராத்திரி முழுக்க ஃப்ளைட்லதான்" என்றேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. டிக்கெட்டைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அந்த மாதங்களில் வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரமாகக் குறையும். அதே விமானம் அதே 16 மணி நேரம் பறந்தாலும் இறங்கும் நேரம் மாலை 6 என்று அச்சாகும். பறக்கும் நேரம் கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். 2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு 8.30 மணிக்குச் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பும்படி அட்டவணை போடப்பட்ட ஏர் இந்தியா விமானம் பெங்களூரில் இறங்க வேண்டிய நேரம் திங்கட்கிழமை விடியற்காலை 3.45. இடையிலிருந்த ஞாயிற்றுக்கிழமை பயணிகளுக்கு ஆகாயத்திலேயே கழிந்துவிட்டது. கணக்குப் போட்டால் 17 மணி 45 நிமிடம். போகும்போது ஆவதைவிட ஒன்றேமுக்கால் மணி நேரம் அதிகம். தூரம் அதே தூரம்தான்.

நேர்தூரம் என்பது எந்த வழி?

இதைப் புரிந்துகொள்ள வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் போதும். பெங்களூரில் ஒரு நூலைப் பிடித்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் கோடு போட்டால் பசிபிக் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும்போல் இருக்கும். உருண்டையில் அந்த நூல் வடக்கே ஏறும். நேபாளம், திபெத், சைபீரியா என்று போய், வட அட்சரேகை 71 டிகிரி வரை உயர்ந்து, பிறகு அலாஸ்கா பக்கமாக இறங்கி அமெரிக்க மேற்குக் கரைக்கு வரும். அதுதான் 13,990 கிலோமீட்டர் வழி.

வட துருவத்தின் வழியாகவே போனால் எவ்வளவு தூரம்? இதை நீங்களே பேனாவால் போட்டுப் பார்க்கலாம். பெங்களூரு விமான நிலையம் 13.2 டிகிரி வடக்கில் இருக்கிறது. துருவத்துக்கு இன்னும் 76.8 டிகிரி. சான் ஃபிரான்சிஸ்கோ 37.6 டிகிரி வடக்கில், துருவத்திலிருந்து 52.4 டிகிரி. இரண்டையும் கூட்டினால் 129.2. ஒரு டிகிரிக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் ஏறத்தாழ 14,370 கிலோமீட்டர் வரும். அதாவது பூமியின் உச்சிக்கே போய்த் திரும்பினாலும் மிகக் குறுகிய வழியைவிட 380 கிலோமீட்டர்தான் கூடுதல். பெங்களூரிலிருந்து திருச்சிக்கும் கொஞ்சம் அப்பால் போகிற தூரம், அவ்வளவே.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஜப்பானை ஒட்டிப் போய் வட பசிபிக்கைக் குறுக்கே கடப்பது. பெங்களூரிலிருந்து டோக்கியோ சுமார் 6,700 கிலோமீட்டர், அங்கிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ சுமார் 8,220. மொத்தம் 14,920. குறுகிய வழியைவிட 900 கிலோமீட்டருக்கு மேல் அதிகம். இவ்வளவு சுற்றி யார் போவார்கள் என்று தோன்றும். ஆனால் கலிபோர்னியா போகிற விமானங்கள் இந்தப் பக்கம் போவதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

காற்றுதான் கடிகாரம்

தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், பெரிய விமானங்கள் பறக்கும் அதே மட்டத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். வெப்பமான தெற்கும் குளிர்ந்த வடக்கும் சந்திக்கும் பட்டையில் உருவாவதால் குளிர்காலத்தில் இதன் பலம் அதிகம். மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது சாதாரணம், சில நாட்களில் 300-ஐயும் தாண்டும். ஜப்பானுக்கு மேலே இது உலகிலேயே மிக வலுவாக வீசும் இடங்களில் ஒன்று. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துடுப்புப் போடும் வேகம் ஒன்றாக இருந்தாலும் ஆற்றோடு போவது வேறு, எதிர்த்து ஏறுவது வேறு.

போயிங் 777 காற்றுக்குள் போகும் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். கணக்குக்காகப் பசிபிக் வழியில் சராசரியாக 100 கிலோமீட்டர் பின்காற்று கிடைப்பதாக வைப்போம். தரைக்கு மேல் வேகம் 1,000 ஆகிவிடுகிறது. 14,920 கிலோமீட்டரை 14 மணி 55 நிமிடத்தில் கடக்கலாம். காற்றே இல்லாத குறுகிய வழியில் 13,990 கிலோமீட்டருக்கு 15 மணி 32 நிமிடம். ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போனவர் அரை மணி நேரம் முன்னால் போய்ச் சேருகிறார், எரிபொருளும் மிச்சம். அதே பசிபிக் வழியில் திரும்பினால் 800 கிலோமீட்டர் வேகம்தான் மிஞ்சும். 18 மணி 39 நிமிடம். காற்று குறைவான துருவப் பக்கம் வந்தால் 16 மணி நேரத்துக்குப் பக்கத்தில். போக ஒரு வழி, வர ஒரு வழி என்று இருப்பதற்கு இந்த எளிய வகுத்தல்தான் காரணம். உண்மையில் காற்று தினமும் மாறும். ஒவ்வொரு நாளும் கிளம்புவதற்கு முன், அன்றைய காற்று வரைபடத்தை வைத்து எந்த வழியில் நேரமும் எரிபொருளும் குறையும் என்று கணக்கிட்டுத்தான் பாதையை முடிவு செய்கிறார்கள். நேற்றுப் போன வழியில் இன்று போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதை நம் நாட்டிலேயே செய்து காட்டிய ஆண்டு 2016. அதுவரை டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் பக்கமாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா, அந்த அக்டோபரில் பசிபிக் பக்கமாகத் திருப்பிவிட்டது. பறந்த தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. நேரமோ பதினாறரை மணியிலிருந்து பதினான்கரை மணிக்குக் குறைந்தது. 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து இரண்டு மணி நேரம் மிச்சம் பிடித்தார்கள்.

விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் இருக்கும் சின்னத் திரையில் படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு முறை வரைபடப் பக்கத்துக்குப் போங்கள். தரை வேகம், உயரம், வெளி வெப்பநிலை, காற்று என்று வரிசையாக எண்கள் மாறிக்கொண்டிருக்கும். போகும்போது ஜப்பானைத் தாண்டியதும் தரை வேகம் 1,000, 1,050, 1,100 என்று ஏறும். இன்ஜின் சத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது; பைலட் எதையும் கூட்டவில்லை. சேர வேண்டிய நேரம் மட்டும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று முன்னே வரும். எனக்கு அந்தத் திரையைவிட நல்ல படம் விமானத்தில் கிடையாது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல. பூமி சுழலும்போது அதைச் சுற்றியுள்ள காற்றும் கூடவே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. நிலநடுக்கோட்டில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர். அதெல்லாம் நேரடியாகக் கணக்கில் வருமானால் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே பறக்கும் விமானம்கூடப் போக ஒன்று, வர ஒன்று என்று முற்றிலும் வேறு வேறு மணிக்கணக்கு காட்டியிருக்கும். காற்று மேற்கிலிருந்து வீசும்படி திரும்புவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு, அதோடு சரி.

துருவத்தின் மேல் வந்த இரவு

மேலே சொன்ன 2021 ஜனவரி விமானம்தான் பெங்களூருக்கும் அமெரிக்க மேற்குக் கரைக்கும் இடையே முதன்முதலாக இடைநில்லாமல் பறந்த பயணிகள் விமானம். காக்பிட்டில் இருந்த நால்வரும் பெண்கள்: கேப்டன் ஜோயா அகர்வால், கேப்டன் பாபாகரி தன்மயி, கேப்டன் ஆகாங்ஷா சோனாவரே, கேப்டன் ஷிவானி மன்ஹாஸ். போயிங் 777-200எல்ஆர் ரக விமானம். வட துருவத்தின் மேலாக வந்து திங்கட்கிழமை விடியலுக்கு முன் பெங்களூரில் இறங்கினார்கள். அதற்கு முன்பே, 2019 ஆகஸ்ட் 15 அன்று, டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் துருவப் பகுதி வழியாகப் பறந்திருந்தது.

துருவம் வழியாக வருவதற்குக் கூடுதல் ஏற்பாடுகள் தேவை. ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ மைனஸ் 40-லேயே. துருவக் குளிர்காலத்தில் வெளிக்காற்று மைனஸ் 60, 70 வரை போகலாம். இறக்கையில் இருக்கும் எரிபொருள் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே வரும் என்பதால் அதன் வெப்பநிலையைப் பைலட்டுகள் தொடர்ந்து கவனிப்பார்கள். தேவைப்பட்டால் கீழே இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ சூட்டை ஏற்றுவார்கள். நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்கள் 82 டிகிரிக்கு அப்பால் எட்டாது. அங்கே ரேடியோ அலைகளை நம்ப வேண்டும். சூரியப் புயல் அடித்தால் அந்த ரேடியோவும் கெட்டுப்போகும், அன்றைக்குத் துருவ வழியையே தவிர்ப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவசரம் என்றால் எங்கே இறங்குவது என்பது. இரண்டு இன்ஜின் விமானங்கள் ஒரு இன்ஜினோடு 60 நிமிடத்தில் எட்டும் தொலைவில் ஒரு விமான நிலையம் இருக்கும்படிதான் பறக்க வேண்டும் என்பது பழைய விதி. இன்ஜின்களின் நம்பகம் கூடக் கூட அது 1985-ல் 120 நிமிடமாகவும், 1988-ல் 180 நிமிடமாகவும் தளர்த்தப்பட்டது. இந்தத் தளர்வு இல்லாவிட்டால் இன்றைய இரண்டு இன்ஜின் விமானங்களுக்குப் பசிபிக்கும் துருவமும் எட்டாக்கனிதான். காகிதத்தில் ஒரு புள்ளியாக இருக்கும் அந்த மாற்று விமான நிலையங்கள் எப்படி இருக்கும் என்பதை 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ கிளம்பியவர்கள் தெரிந்துகொண்டார்கள். இன்ஜின் ஒன்றில் கோளாறு ஏற்பட, 777 விமானம் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதான் நகரில் பத்திரமாக இறங்கியது. 216 பயணிகள், 16 பணியாளர்கள். இத்தனை பேரைத் தங்கவைக்கும் அளவுக்கு அங்கே ஹோட்டல் வசதி கிடையாது. பலர் பள்ளிக்கூடத்திலும் விடுதியிலும் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். மாற்று விமானம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ சேர ஜூன் 8 ஆகிவிட்டது. அந்த விமானத்தில் கைக்குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள். பைலட்டுகள் செய்தது முழுக்கச் சரி. ஆனால் மாத்திரைகளைப் பெட்டியில் வைத்துச் செக்-இன் செய்துவிட்ட ஒரு சர்க்கரை நோயாளியின் நிலையில் நின்று இதை யோசித்துப் பாருங்கள். நான்கு நாள் மருந்து கைப்பையில் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மூடிய வானங்கள்

நூல் போகும் வழியில் திபெத் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அங்கே பெரும்பாலும் பறப்பதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் மேலிருந்து விழும் மாஸ்க்கில் கால் மணி நேரம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் வரும். அதற்குள் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இறங்க இடமில்லை. அதனால் இமயத்தைக் கிழக்காகவோ மேற்காகவோ சுற்ற வேண்டும். வடக்கிலிருந்து வரும்போது மேற்காகச் சுற்றினால் எதிரே நிற்பது பாகிஸ்தான்.

2019 பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, ஜூலை 2 வரையிலான கணக்கிலேயே ஏர் இந்தியாவுக்கு 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு மறுபடியும் கதவு மூடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. டெல்லிக்குத்தான் அடி பலமாக விழுந்தது. அமெரிக்கா போகும் சில டெல்லி விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருள் நிரப்ப இறங்க வேண்டியிருந்தது. பெங்களூரிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்களுக்கு அரபிக் கடல் திறந்து கிடக்கிறது, ஆகவே பாதிப்புக் குறைவு. தெற்கில் இருப்பதால் கிடைத்த ஒரு சௌகரியம் இது.

ரஷ்யாவின் கதை இன்னும் பெரியது. உக்ரைன் போர் தொடங்கிய 2022-க்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களை ரஷ்யா தன் வானில் அனுமதிப்பதில்லை. இந்திய விமானங்களுக்கு அந்தத் தடை இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேரடிச் சேவை தொடங்குவதாக அறிவித்திருந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் அதைத் தொடங்கவே இல்லை. உருண்டையில் நூல் போகும் வழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ரஷ்யா. அதைச் சுற்றிப் போனால் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் பறக்க எரிபொருள் கட்டுப்படியாகாது. இரண்டு நாடுகளின் சண்டைக்கும் மாரத்தஹள்ளியில் இருக்கும் ஒரு அம்மாவின் டிக்கெட் விலைக்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான் சம்பந்தம்.

மேலே ஏறும் எடை

பெங்களூருக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். தேவனஹள்ளியில் இருக்கும் நம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 915 மீட்டர் உயரம். ஊரின் குளுகுளுப்புக்குக் காரணமான அதே உயரம் விமானத்துக்குப் பாதகம். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். மெல்லிய காற்றில் இன்ஜினும் பலவீனம், இறக்கையும் பலவீனம். ஓடுதளத்தில் அதிக தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். இங்குள்ள இரண்டு ஓடுதளங்களும் 4,000 மீட்டர் நீளம் என்பதால் சமாளிக்கிறார்கள். 777-200எல்ஆர் விமானத்தின் அதிகபட்ச எடை சுமார் 347 டன். டாங்கிகளை நிரப்பினால் 1,80,000 லிட்டருக்கு மேல் எரிபொருள் பிடிக்கும், எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அதுவே. தூரம் கூடினால் எரிபொருள் கூட வேண்டும்; அந்த எரிபொருளைச் சுமக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் வேண்டும். ஒரு கட்டத்தில் சரக்கையோ பயணிகளையோ குறைப்பதைத் தவிர வழியில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ கடலோரத்திலேயே இருப்பதால் நீளமான திரும்பும் பயணத்துக்கு அங்கே நிறைய எடையோடு எழும்ப முடிகிறது. பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாவது டெர்மினலில், செக்-இன் வரிசையில் ஊறுகாய்ப் பாட்டிலையும் இட்லிப்பொடியையும் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி 23 கிலோவுக்குள் அடக்கப் போராடும் குடும்பங்களைப் பார்க்கும்போது, அந்தக் கிலோக் கணக்கு வெறும் கெடுபிடியாக எனக்குத் தோன்றுவதில்லை.

இடையில் இறங்கிப் போவதா?

நேரடி விமானச் சேவைகள் லாப நஷ்டத்தைப் பொறுத்து வரும், போகும். இல்லாத காலத்தில், அல்லது விலை கட்டுப்படியாகாதபோது, ஒரு இடத்தில் மாறிப் போகத்தான் வேண்டும். தூரத்தை மட்டும் பார்த்தால் பெரிய இழப்பில்லை. துபாய் வழியாக 2,700 கிலோமீட்டரும் 13,000 கிலோமீட்டரும் சேர்ந்து 15,700. பிராங்பர்ட் வழியாக 7,400, பிறகு 9,150, மொத்தம் 16,550. சிங்கப்பூர் வழியாக 3,200, பிறகு 13,600, மொத்தம் 16,800. மூன்றுக்கும் இடையே ஆயிரம் சொச்சம் கிலோமீட்டர்தான் வித்தியாசம். காத்திருக்கும் நேரமே தீர்மானிக்கும். மூன்று மணி நேர இடைவெளி என்றால் துபாய் வழி சுமார் 23 மணி நேரத்தில் முடியும். எட்டு மணி நேரம் என்றால் 28 ஆகும்.

என் விருப்பத்தைக் கேட்டால், முட்டி வலி, முதுகு வலி உள்ளவர்களுக்குப் பிராங்பர்ட் போன்ற நடுவழி ஊரே நல்லது. பயணம் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிகிறது. பத்து மணி நேரம் உட்கார்ந்த பிறகு எழுந்து நடக்க ஒரு வாய்ப்பு. துபாயில் மாறினால் நான்கு மணி நேரம் பறந்து இறங்கி, அதற்குப் பிறகு பதினாறு மணி நேரம் உட்கார வேண்டும். உடம்புக்கு அதில் நேரடி விமானத்தைவிடப் பெரிய லாபமில்லை. ஆங்கிலம் வராத, தனியாகப் போகிற பெற்றோருக்கு மட்டும் நேரடி விமானம் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாலும் தகும். தெரியாத ஊரில் கேட் மாறிப்போகும் கலக்கம் இல்லை. 2025 ஜூனில் ஈரான் இஸ்ரேல் சண்டையின்போது தோஹா வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டதுபோல் எதுவும் நடந்தால், அங்கே மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்களில் அவர்களும் இருக்கக் கூடாது.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. இரட்டிப்பானாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பயந்து பயணத்தை விட வேண்டியதில்லை. நடைபாதையோர இருக்கை எடுத்து, இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துவந்தால் போதும். ஏற்கெனவே ரத்த உறைவு வந்தவர்களும் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு கிளம்புகிறவர்களும் டாக்டரைக் கேட்டாக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் எந்த ஊர் நேரப்படி போடுவது என்பதையும் கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆகும் நேரம். ஓசூரிலிருந்து தேவனஹள்ளி சுமார் 75 கிலோமீட்டர். விமானம் ஐந்து நிமிடத்தில் தாண்டும் அந்தத் தூரத்துக்கு, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் எல்லாம் கடந்து போக இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும்; மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். அங்கே இறங்கிக் குடிநுழைவு வரிசை, பெட்டி, பிறகு மகன் வீட்டுக்குக் கார். 16 மணி நேரப் பயணம் என்பது வீட்டுக் கணக்கில் ஒரு முழு நாள். பகல் இரவு அப்படியே புரண்டுவிடுவதால் உடம்பு பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முதல் சில நாட்களுக்கு அவர்களை நம்பி அடுப்படியையோ கைக்குழந்தையையோ விட வேண்டாம்.

திரும்பி வரும் விமானம் பெங்களூரில் விடிவதற்கு முன் இறங்கினால் சாலை காலியாக இருக்கும், ஏழு மணிக்குள் ஓசூரோ கிருஷ்ணகிரியோ போய்விடலாம் என்று ஆசை காட்டும். அப்போது காரை ஓட்டுகிறவர் அந்த விமானத்தில் வந்தவராக இருக்கக் கூடாது. வாடகைக் கார் சொல்லிவிடுங்கள், அல்லது ஊரில் நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவரை வரச்சொல்லுங்கள்.